பையில் இருப்பதே மறந்துபோகும் பிஸ்டல்: அமெரிக்கர்கள் எதைப் பார்த்து வாங்குகிறார்கள்?

2024-ம் ஆண்டில் மட்டும் அமெரிக்க விமான நிலையங்களின் பாதுகாப்புச் சோதனையில் பயணிகளின் கைப்பைகளில் இருந்து 6,678 துப்பாக்கிகள் பிடிபட்டன. ஒரு நாளைக்குச் சராசரியாக 18. அவற்றில் சுமார் 94 சதவீதம் தோட்டா நிரப்பப்பட்டவை. பிடிபட்டவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: "பையில இருந்ததே மறந்துபோச்சு."

துப்பாக்கியை மறப்பதா என்று நமக்குத் தோன்றும். ஆனால் இன்று அமெரிக்காவில் அதிகம் பேர் வாங்கும் பிஸ்டல்கள், மறந்துபோகும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும் என்றே வடிவமைக்கப்பட்டவை. சட்டைக்குள், இடுப்புக்குள், கைப்பைக்குள் வெளியே தெரியாமல் எடுத்துச் செல்வதை அங்கே 'கன்சீல்ட் கேரி' என்கிறார்கள். அதற்கு ஏற்ற பிஸ்டலை எப்படித் தேர்வு செய்கிறார்கள்? கடையில் நிற்பவர் பார்ப்பது என்ன, பார்க்கத் தவறுவது என்ன?

சட்டம் எங்கே மாறியது?

அமெரிக்கா முழுக்க எல்லோரும் எப்போதும் துப்பாக்கியோடு திரிந்தார்கள் என்பது சினிமா கொடுத்த பிம்பம். நியூயார்க்கில் 1911-லேயே கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் கட்டாயமாகிவிட்டது. பல மாநிலங்களில் 'உனக்கு என்ன அவசியம்?' என்ற கேள்விக்குப் பதில் சொன்னால்தான் அனுமதி. புளோரிடா 1987-ல் அந்த வழக்கத்தை மாற்றியது. தகுதி இருந்தால் லைசென்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன.

அடுத்த கட்டமாக லைசென்ஸே வேண்டாம் என்றார்கள். டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல், புளோரிடாவில் 2023 ஜூலை முதல் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவர் தனி அனுமதி இல்லாமலே மறைத்து எடுத்துச் செல்லலாம். 2024-ல் தென் கரோலினாவும் லூசியானாவும் சேர்ந்தபோது இப்படிப்பட்ட மாநிலங்களின் எண்ணிக்கை 29 ஆனது. இடையில் 2022 ஜூன் 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில், வீட்டுக்கு வெளியே தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வது அரசியல் சாசன உரிமை என்று தீர்ப்பளித்தது. நியூயார்க் கேட்டுவந்த 'விசேஷ காரணம்' அத்துடன் செல்லாமல் போனது. பதிலுக்கு நியூயார்க், லைசென்ஸ் வாங்க 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரத் துப்பாக்கி சுடும் பயிற்சியும் கட்டாயம் என்று புதுச் சட்டம் போட்டது.

ஆக, ஒரே நாட்டில் ஒரு மாநிலத்தில் 18 மணி நேரப் பயிற்சி, இன்னொரு மாநிலத்தில் பயிற்சி என்பதே கட்டாயமில்லை. வாங்குபவர் யார் என்பதே இதனால் மாறிப்போனது. முன்பு துப்பாக்கி பிடித்துப் பழகியவர்கள் வாங்கினார்கள். இப்போது கடைக்கு வருபவர்களில் பலர் முதல் முறை வாங்குபவர்கள்.

பிஸ்டல் எப்படி இவ்வளவு சின்னதானது?

ஒரு காலத்தில் மறைத்து எடுத்துச் செல்ல என்றால் 5 தோட்டா போடும் குட்டை ரிவால்வர்தான். ஸ்மித் அண்ட் வெசன் நிறுவனம் 1950-ல் கொண்டுவந்த 'சீஃப்ஸ் ஸ்பெஷல்' அந்த வகையின் அடையாளம். 9 எம்எம் தானியங்கிப் பிஸ்டல்கள் அப்போது பெரும்பாலும் ராணுவச் சைஸ். (பேச்சு வழக்கில் 'ஆட்டோமேட்டிக்' என்றாலும் இவை எல்லாம் செமி-ஆட்டோமேட்டிக்தான். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா மட்டுமே போகும். அடுத்த தோட்டா தானாக ஏறி நிற்கும், அவ்வளவுதான்.)

ஆஸ்திரியாவின் காஸ்டன் க்ளாக், பிளாஸ்டிக் சட்டகத்தில் செய்த பிஸ்டலை 1982-ல் அந்நாட்டு ராணுவம் ஏற்றுக்கொண்டது. அதையே கொஞ்சம் குறைத்து 1988-ல் வந்தது க்ளாக் 19. பதினைந்து தோட்டா, சுமார் 10 சென்டிமீட்டர் குழல். இன்றும் 'காம்பாக்ட்' என்று யாராவது சொன்னால் அளவுகோல் இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், பிஸ்டல்கள் இன்னும் சுருங்கியதற்கு ஒரு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் காரணம். 1994-ல் அமெரிக்க அரசு 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் புதிய மேகசின்களைத் தடை செய்தது. பத்துத்தான் போட முடியும் என்றால் பெரிய துப்பாக்கி எதற்கு? பத்துத் தோட்டாவுக்கு எவ்வளவு சின்னதாகச் செய்யலாம் என்று நிறுவனங்கள் யோசிக்கத் தொடங்கின. க்ளாக் 26 அந்தச் சமயத்தில் வந்ததுதான். தடை 2004-ல் காலாவதியானது. சின்னத் துப்பாக்கி மீதான ஆசை காலாவதியாகவில்லை.

பிறகு மெல்லிசு காலம். 2008-ல் ரூகர் எல்சிபி, எடை சுமார் 270 கிராம். ஒரு பெரிய செல்போனை விடக் கொஞ்சம்தான் அதிகம். 2012-ல் ஸ்மித் அண்ட் வெசனின் ஷீல்டு, 2015-ல் க்ளாக் 43. இவை தட்டையானவை, ஆனால் ஆறேழு தோட்டாதான். 2018-ல் சிக் சாவர் நிறுவனம் பி365 என்ற மாடலை இறக்கியது. தோட்டாக்களை மேகசினுக்குள் ஒன்றுக்கொன்று விலகினாற்போல் அடுக்கி, ஓர் அங்குல அகலத்துக்குள் 10 தோட்டா. எடை சுமார் 500 கிராம். சந்தையே அந்தப் பக்கம் திரும்பியது. அடுத்த ஆண்டே ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி 'ஹெல்கேட்'டில் 11 தோட்டா போட்டுக்காட்டியது. 2021-ல் ஷீல்டு பிளஸ் வந்தது.

கடையில் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு "இவ்வளவு குட்டியா, இதுல பத்தா?" என்று ஆச்சரியம் வரும். விற்பனை அங்கேயே பாதி முடிந்துவிடும். சிக்கலும் அங்கேதான் ஆரம்பம்.

சின்னது என்றால் எளிதுதானே?

எடுத்துச் செல்ல எளிது. சுடக் கடினம். இது அனுபவமுள்ளவர்களுக்குத் தெரியும், புதிதாக வாங்குபவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

காரணம் ரொம்ப எளிமையான இயற்பியல். தோட்டா முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். க்ளாக் 19 முழுசாக நிரப்பினால் ஏறக்குறைய 850 கிராம். அந்த எடை உதையில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். அதே 9 எம்எம் தோட்டாவை அரை கிலோ பிஸ்டலில் போட்டால் மிச்ச உதை கைக்குத்தான் வரும். பிடியும் குட்டை என்பதால் சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது, காற்றில் தொங்கும். முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே தூரம் குறைவு. அதனால் குறி பார்ப்பதில் ஒரு மயிரிழை தவறினாலும் பத்து மீட்டர் தள்ளி அது பெரிய விலகல் ஆகும். முதல் குண்டு சரியாகப் போனாலும் துப்பாக்கி துள்ளுவதால் இரண்டாவது குண்டுக்கு மறுபடி குறி பார்க்க நேரம் பிடிக்கும்.

இன்னொன்றும் உண்டு. பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துவிட்டால்தான் முதல் தோட்டா ஏறும். குட்டைக் குழல் என்றால் ஸ்லைடு நகரும் தூரம் குறைவு. அந்தக் குறைந்த தூரத்தில் உதையை அடக்க ஸ்பிரிங் விறைப்பாக இருக்க வேண்டும். வயதானவர்கள், மூட்டுவலி உள்ளவர்கள், கைப்பலம் குறைந்தவர்கள் இதை இழுக்கவே திணறுவார்கள். 'பெண்களுக்குச் சின்னத் துப்பாக்கி' என்று கடைகளில் காலங்காலமாக நீட்டிவந்த ஆலோசனை எவ்வளவு தப்பானது என்பது இதில் தெரியும். சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி பொருந்தும் என்பது கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நிற்கும்வரைதான் உண்மை. இதைப் புரிந்துகொண்டுதான் ஸ்மித் அண்ட் வெசன் 2018-ல் ஸ்லைடை எளிதாக இழுக்கக்கூடிய 'ஷீல்டு ஈஸி' என்ற மாடலைத் தனியாகக் கொண்டுவந்தது. அது பி365-ஐ விடப் பெரியது.

மறைப்பதற்கு எது முக்கியம் என்பதிலும் குழப்பம் உண்டு. குழல் நீளம் என்றுதான் பலர் நினைப்பார்கள். குழல் இடுப்புக்குள் கீழ்நோக்கிப் போய்விடும், வெளியே தெரியாது. சட்டையில் துருத்திக் காட்டிக்கொடுப்பது பிடியின் உயரமும் பிஸ்டலின் தடிமனும்தான். அதனால் குழலை விட்டுவிட்டுப் பிடியை மட்டும் குறைத்தாலே மறைப்பதற்குப் போதும். குழல் கொஞ்சம் நீளமாக இருந்தால் சுடுவதும் சற்று எளிதாகும். இன்று பல நிறுவனங்கள் ஒரே மாடலில் மூன்று நான்கு அளவு விற்பதன் பின்னால் இருக்கும் கணக்கு இது.

9 எம்எம் ஏன் ஜெயித்தது?

தோட்டா விஷயத்தில் அமெரிக்கர்கள் போட்ட சண்டைக்கு அளவே இல்லை. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் இரண்டு கொள்ளையர்களுடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்பிஐ ஏஜென்டுகள் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். 9 எம்எம் தோட்டா போதுமான ஆழம் போகவில்லை என்று அப்போது முடிவு கட்டினார்கள். 10 எம்எம் வந்தது. உதை அதிகம். 1990-ல் அதைக் குறைத்து பாயின்ட் 40 காலிபர் வந்தது. நாடு முழுக்கப் போலீஸ் துறைகள் அதற்கு மாறின.

இருபத்தைந்து வருடத்தில் தோட்டாத் தயாரிப்பு முன்னேறியது. நல்ல 9 எம்எம் தோட்டாவும் எஃப்பிஐ-யின் ஜெல்லி சோதனையில் தேவையான 12 முதல் 18 அங்குல ஆழத்தை எட்டியது. உதையும் குறைவு, மேகசினில் கூடுதல் தோட்டாவும் போடலாம், ஏஜென்டுகள் சுடுவதும் துல்லியமானது. எஃப்பிஐ திரும்ப 9 எம்எம்-க்கே வந்து 2016-ல் க்ளாக் நிறுவனத்துக்கு ஆர்டர் கொடுத்தது. பொதுமக்கள் சந்தையும் பின்னாலேயே போனது.

அதைவிடக் குறைந்த உதை வேண்டும் என்பவர்கள் பாயின்ட் 380 பக்கம் போகிறார்கள். குண்டின் குறுக்களவு ஏறக்குறைய அதே 9 எம்எம்தான், கூடு மட்டும் குட்டை, மருந்து குறைவு. ஆனால் எல்சிபி போன்ற 270 கிராம் துப்பாக்கியில் அந்தச் சலுகையும் எடைக்குறைவில் கரைந்துபோய்விடும்.

விலை? பெயர் பெற்ற மாடல்கள் 400 முதல் 600 டாலருக்குள் கிடைக்கும். துப்பாக்கியை வாங்கிவிட்டுப் பயிற்சித் தோட்டா வாங்கக் கணக்குப் பார்ப்பவர்களே அதிகம். பயிற்சியாளர்கள் பொதுவாகச் சொல்வது, குறைந்தது 200 தோட்டாவாவது அந்தத் துப்பாக்கியில் சிக்காமல் சுட்டுப் பார்த்த பிறகே அதை நம்பி இடுப்பில் வைக்கலாம் என்பது. லேசான துப்பாக்கியை மணிக்கட்டு தளர்ந்து பிடித்தாலே தோட்டா சிக்கிக்கொள்ளும். சுடுதளங்களில் பல மாடல்களை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்க்க முடியும். வாங்குவதற்கு முன் அதைச் செய்வதுதான் கடை ஆலோசனை எல்லாவற்றையும் விட மேல்.

விசைக்கு மேலே என்ன இருக்கிறது?

பெட்டியில் இருப்பது பிஸ்டல் மட்டும். அதை வைக்கும் உறை தனி. நாற்பது ஐம்பது டாலர் மிச்சம் பிடிக்கப் பலர் கைவைப்பது இந்த உறையில்தான்.

க்ளாக் வகைப் பிஸ்டல்களில் தனியாக 'சேஃப்டி' பொத்தான் கிடையாது. விசையிலேயே ஒரு சின்னத் தடுப்பு இருக்கும், உள்ளே தானியங்கித் தடுப்புகள் இருக்கும். கீழே விழுந்தால் வெடிக்காது. ஆனால் விசையில் எது பட்டு அழுத்தினாலும் வெடிக்கும். விரலா, சட்டை நுனியா, ஜாக்கெட்டின் நாடாவா என்று துப்பாக்கிக்குத் தெரியாது. அதனால் விசைப் பகுதியை முழுக்க மூடும் கெட்டியான உறை கட்டாயம். பழைய தோல் உறை நாள்பட நெகிழ்ந்து மடிந்து, துப்பாக்கியை உள்ளே சொருகும்போது அதுவே விசையை அழுத்திய விபத்துகள் உண்டு. முன்பக்கம் தொப்புளுக்குப் பக்கத்தில் சொருகும் பழக்கம் இப்போது அங்கே பரவலாகியிருக்கிறது. அந்த நிலையில் குழல் பார்ப்பது தொடையின் பெரிய ரத்தக்குழாயை. உறைக்குள் திருப்பிச் சொருகும்போது அவசரமே கூடாது என்று பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கைப்பை இன்னும் மோசம். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில், சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையில் இருந்த பிஸ்டலை எடுத்தது. குண்டு தாயின் உயிரைப் பறித்தது. அந்தப் பை துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறையோடு செய்யப்பட்டது, அவரிடம் லைசென்ஸும் இருந்தது. பை என்பது தோளில் இருந்து இறங்கும் பொருள். உடம்பில் இருக்கும் துப்பாக்கிக்கும் பையில் இருக்கும் துப்பாக்கிக்கும் இதுதான் வித்தியாசம்.

பழுதான துப்பாக்கியை அரசு திரும்பப் பெறுமா?

இங்கேதான் பலருக்கும் அதிர்ச்சி. அமெரிக்காவில் பொம்மை, தொட்டில், ஹேர் டிரையர் எதிலாவது ஆபத்தான குறை இருந்தால் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைச் சந்தையில் இருந்து திரும்பப் பெற வைக்கலாம். அந்த ஆணையத்தை உருவாக்கிய 1972-ம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கியை அதன் எல்லைக்கு வெளியே வைத்துவிட்டது. நிறுவனமே முன்வந்தால்தான் உண்டு. 2017-ல் சிக் சாவரின் பி320 மாடல் குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கிறது என்று செய்தி பரவியபோது, அந்த நிறுவனம் 'விருப்பமுள்ளவர்கள் அனுப்பினால் இலவசமாக மாற்றித் தருகிறோம்' என்று அறிவித்தது. பி320 இடுப்புக்குள் மறைக்கும் குட்டி ரகம் இல்லை என்றாலும் விஷயம் எல்லா மாடலுக்கும் பொதுவானது. செகண்ட் ஹேண்ட் வாங்குபவர் அந்த மாடலுக்கு இப்படி ஏதும் அறிவிப்பு வந்ததா என்று தானே தேடிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் வைக்கும்போது?

தெருவில் வரும் ஆபத்துக்காக வாங்கும் துப்பாக்கி ஒரு நாளின் பெரும்பகுதி நேரம் வீட்டில்தான் இருக்கும். 2023-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் சுமார் 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், அதாவது பாதிக்கும் மேல். கொலைகள் 18,000-க்குக் கொஞ்சம் குறைவு. வீட்டில் மன அழுத்தத்தில் ஒருவர் இருக்கிறார், பதின்வயதுப் பிள்ளை இருக்கிறார் என்றால் எந்த மாடல் என்ற கேள்விக்கு முன்னால் வர வேண்டியது, பூட்டிய பெட்டிக்கு யாரிடம் சாவி என்பது. அல்லது துப்பாக்கியே வேண்டுமா என்பது. கடைக்காரர் இதைக் கேட்க மாட்டார்.

காரின் டேஷ்போர்டு பெட்டி பாதுகாப்பான இடம் இல்லை. வேலை செய்யும் இடத்தில், பள்ளியில் அனுமதி இல்லை என்று காரிலேயே விட்டுப் போவதும், அது திருடு போவதும் அங்கே சகஜம். மாநில எல்லை தாண்டினால் வேறு சிக்கல். பென்சில்வேனியா லைசென்ஸ் நியூஜெர்சியில் செல்லாது. பிலடெல்பியாவில் பாலம் ஏறும்போது சட்டப்படி இருந்த துப்பாக்கி, ஆற்றைத் தாண்டி இறங்கும்போது குற்றமாகிவிடும். விமான நிலையத்தில் பிடிபட்டால் போலீஸ் வழக்கு தனி, அபராதம் தனி. அபராதம் மட்டும் கிட்டத்தட்ட 15,000 டாலர் வரை போகலாம்.

அங்குள்ள தமிழர்கள் வாங்கலாமா?

கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் வாங்கலாம். ஆனால் எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு மத்தியச் சட்டப்படி துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கத் தடை. அந்த மாநிலத்தில் லைசென்ஸே தேவையில்லை என்பது இவர்களுக்குப் பொருந்தாது. மாநில அரசு கொடுக்கும் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. இல்லாதவர் வார இறுதியில் நண்பர்களோடு சுடுதளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதுகூட 'வைத்திருத்தல்' என்ற கணக்கில் வரும். 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதற்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு சிறை. 'சும்மா ஒரு ஃபோட்டோவுக்கு' என்று சமூக வலைதளத்தில் போடும் படம் விசா நேர்காணலில் வந்து நிற்கலாம்.

இந்தியாவில் நிலைமை முழுக்க வேறு. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஒவ்வொரு துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். அமெரிக்கர்கள் வாங்கிக் குவிக்கும் 9 எம்எம் இங்கே சாதாரண மக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். லைசென்ஸ் பெற்றவர்களுக்கு அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் செய்து விற்பது பாயின்ட் 32 பிஸ்டல், ரிவால்வர்.

ஊருக்கு வரும் அமெரிக்கவாழ் உறவினர்களுக்கு ஒரு விஷயம். சுடுதளத்துக்கு எடுத்துப் போன பையையே பயணத்துக்கும் எடுத்தால், அதன் ஓரத்தில் கிடக்கும் ஒரே ஒரு தோட்டா போதும். சென்னை விமான நிலைய ஸ்கேனரில் அது தெரிந்தால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரலாம். தெரியாமல் வந்தது என்று நிரூபிக்க நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கும். கிளம்பும் முன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, உள் ஜிப்பையும் திறந்து உதறிப் பார்ப்பது நல்லது.